மூன்று தேக்சா பிரியாணியும் ஒரு மூட்டைக் கரியும்

இருபது வருஷம் நான் வளைகுடாவில் கரி அள்ளினேன். இதை இப்படி ஒரே வரியில் சொல்ல எனக்கு இப்போதுதான் வாய் வந்திருக்கிறது. ஊரில் நான் ஃபில்டர் ஆபீசர். மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும், பேங்கிலும், பெண் கேட்டு வந்தவர்களிடமும் என் மனைவி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஃபில்டர் நிஜம். ஆபீசர் மட்டும் அவள் சேர்த்தது.

லப்பைக்குடிக்காட்டில் இது புதிதும் இல்லை. வீட்டுக்கு ஒருவராவது வெளிநாடு போன ஊர் எங்களுடையது. ஆனால் எங்களில் யாரும் அங்கே பெருக்கியதில்லை, மூட்டை தூக்கியதில்லை, அடுத்தவன் வீட்டு ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டியதில்லை. அத்தனை பேரும் மேனேஜர், சூப்பர்வைசர், இன்சார்ஜ். இவ்வளவு அதிகாரிகளைப் பெற்ற ஊரில் ஒரு சாக்கடையைச் சரி பண்ண மட்டும் ஏன் ஆள் கிடைப்பதில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் வேலை இதுதான். பூமிக்கு அடியிலிருந்து எரிவாயு வரும்போது கூடவே ஒரு கெட்ட வாயுவும் வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கொஞ்சம் கூடுதலாக மூக்கில் ஏறினால் ஆள் மவுத். அதைப் பிடித்து வைக்க, தென்னை மரம் உயரத்துக்கு இரும்புக் கோபுரங்கள் நிற்கும். உள்ளே முழுக்கக் கரி. இனி வாயுவைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கரி நிரம்பிவிட்டால் கோபுரத்தை நிறுத்தி, பழைய கரியை அள்ளிவிட்டுப் புதுக் கரியைக் கொட்ட வேண்டும். முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அள்ளுகிற கூட்டத்தில் நான் ஒருவன். முதல் நாள் எனக்குப் பாடம் சொன்ன மலையாளி ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். நாற்றம் அடிக்கிறதா, அல்லாவுக்கு நன்றி சொல்லு. அடித்துக்கொண்டிருந்த நாற்றம் திடீரென்று நின்றதா, திரும்பிப் பார்க்காமல் ஓடு. அந்த வாயு அளவுக்கு மீறினால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நல்ல காற்று என்று நினைக்கிற நேரத்தில் நாம் பாதி செத்திருப்போம்.

இதில் சிரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புதுக் கரி மூட்டையைப் பிரித்த அன்றைக்குப் பார்த்தேன், மேலே தமிழ்நாடு என்று அச்சடித்திருந்தது. கொட்டாங்குச்சிக் கரி. நம் ஊர்ப் பக்கம் தேங்காயைத் துருவிவிட்டுத் தூக்கிப் போடுகிற அதே கொட்டாங்குச்சி, கப்பல் ஏறி எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்து, என்னைவிட மரியாதையாக உட்கார்ந்திருந்தது. அதை அள்ளுவதற்கு நான் விசா எடுத்து, நகை அடகு வைத்து, விமானம் ஏறிப் போயிருக்கிறேன். இதை எப்படி வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்வது? "கொட்டாங்குச்சி கரி அள்ளவா துபாய் போன? இங்கயே பண்டாரிகிட்ட நின்னிருக்கலாமே" என்று மாமியார் வீட்டில் கேட்டிருப்பார்கள். பண்டாரி என்றால் எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிறவர். அவரிடமும் கடைசியில் நான் கரியோடு போய் நிற்கத்தான் வேண்டியிருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் கரியைப் பற்றி இன்னும் நாலு வரி. கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டு, நீராவி காட்டினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துவாரம் விழும். அந்தத் துவாரத்துக்குள் நாற்றம் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வெறும் கரி லாட்ஜ் மாதிரி. வந்தவன் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு, சூடு பட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதனால் செம்பு உப்பைக் கரைத்து, அதில் கரியை ஊற வைத்துக் காயப்போடுவார்கள். செம்பு ஏறிய கரி முட்டை நாற்றத்தின் கந்தகத்தைப் பிடித்தால் பிடித்ததுதான், விடாது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வேலை முடிந்த கரியை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்து காற்றுப் பட்டால் தானாகச் சூடாகும், சமயத்தில் பற்றிக்கொள்ளும். பற்றினால், பிடித்து வைத்த கந்தகத்தை எல்லாம் புகையாகக் கக்கிவிடும்.

ஊரோடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியவில்லை. அரியலூர் ரோட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனி. அங்கே கழிவுத் தொட்டியிலிருந்து எழும்பும் வாயுவை இதே மாதிரி செம்புக் கரிக்குள் விட்டுத்தான் வெளியே அனுப்புவார்கள். என்னுடைய அனுபவத்தைக் கேட்டு உடனே எடுத்துக்கொண்டார்கள். காலையில் பஸ்ஸில் போவேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் கறுப்புச் சட்டைக்காரன்கூட வெள்ளைச் சட்டைக்காரன் ஆகிவிடுவான். அங்கே இறங்கி நான் மறுபடி கறுப்பாவேன். சாயங்காலம் வீடு வரும்போது இரண்டும் கலந்து சாம்பல் நிறத்தில் வருவேன். மனைவி தெருவில் "ஆபீஸ்ல பெயின்ட் அடிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் என் கை சும்மா இருக்கவில்லை.

நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் கக்கூஸ் தொட்டியிலிருந்து மேலே போகிற காற்றுக் குழாய், பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றுவிட்டது. கொத்தனார் செய்த வேலை. பக்கத்து வீட்டம்மா நல்ல மனுஷி. சண்டைக்கு வரமாட்டார். ஆனால் தினமும் காலையில் ஜன்னலை அடைக்கும்போது, "இன்னிக்கு என்ன, நேத்து ராத்திரி முட்டைக் குழம்பா?" என்று கேட்பார். எனக்குத் தாங்கவில்லை. வளைகுடாவின் வாயுவையே அடக்கியவன், சொந்த வீட்டுக் கக்கூஸை அடக்க முடியாதா?

கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டு, மிச்சமிருந்த புதுக் கரியில் ஒரு மூட்டை வாங்கினேன். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம், அதற்குள் சல்லடைத் தட்டு, தட்டின் மேல் கரி, கீழே குழாய், காற்றை இழுக்க ஒரு சின்ன ஃபேன். வேலை செய்யாமல் இருக்குமா? மூன்றாம் நாள் பக்கத்து வீட்டம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னங்க, ஊருக்குப் போயிட்டீங்களோன்னு பாத்தேன்" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான். மனைவிக்கு மட்டும் திருப்தி இல்லை. "கக்கூசுக்குப் போய் யாராச்சும் ஃபேன் போடுவாங்களா, கரண்டுக்குப் பிடிச்ச கேடு" என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு கரி நிரம்பிவிட்டது. பக்கத்து வீட்டம்மா மறுபடி முட்டைக் குழம்பை விசாரிக்க ஆரம்பித்தார். பழைய கரியை அள்ளிச் சாக்கில் கட்டி, தண்ணீர் ஊற்றி, மாடிப்படிக்கு அடியில் ஒரு தொட்டியில் முக்கி வைத்தேன். கம்பெனிக்கு விஷக் கழிவு எடுக்க வருகிற லாரி அடுத்த மாதம் வரும், அதில் ஏற்றிவிடலாம் என்று இன்ஜினியரிடம் பேசியிருந்தேன். தொடக்கூடாது என்பதற்கு அடையாளமாகச் சாக்கின் வாயில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். வளைகுடாவில் எல்லாம் அப்படித்தான். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தால் பொதுமேலாளரே ஆனாலும் தொடமாட்டார்.

ஆனால் அடுத்த வாரம் என் மகளின் நிக்காஹ். வீட்டில் பீரோவுக்கு ரிப்பன், குக்கருக்கு ரிப்பன், தலையணைக்கு ரிப்பன், மிக்ஸிக்கு ரிப்பன். சீர் சாமான் என்று ரிப்பன் கட்டாத பொருளே வீட்டில் இல்லை. அந்த நேரத்தில் மாடிப்படிக்கு அடியில் சிவப்பு ரிப்பனோடு ஒரு மூட்டை இருந்தால் அது எதைக் காட்டும்? இதை யோசிக்கிற புத்தி இருபது வருஷ அனுபவத்துக்கு இல்லாமல் போயிற்று.

இங்கே என் மச்சானைச் சொல்லியாக வேண்டும். மனைவியின் அண்ணன். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்தின் மொத்தப் பொறுப்பையும் அவர்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் எதையும் வீணாக்கமாட்டார். வளைந்த ஆணியை நிமிர்த்திப் பெட்டியில் போடுகிற ஆள். அந்த மூட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியிருக்கும். நல்ல கொட்டாங்குச்சிக் கரி, தண்ணீரில் ஊறிக் கெட்டுப் போகிறது! தங்கச்சி மாப்பிள்ளைக்குத்தான் ஒன்றும் தெரியாது, ஆபீசர் உத்தியோகம் பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை மண்டபத்து மாடியில் பரப்பி நாலு நாள் காயவைத்துவிட்டார். பண்டாரிக்குக் கரி சொல்லும்போது அந்த ஒரு மூட்டையைக் குறைத்துச் சொல்லியும் விட்டார்.

நிக்காஹ் அன்று காலை பதினோரு மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் அரியலூரிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கியாயிற்று. வாசலில் சலாம் சொல்லி, சந்தனம் கொடுத்து, சம்பந்தியைக் கொண்டுபோய் ஏ.சி. அறையில் உட்கார வைத்துவிட்டு, பிரியாணி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மண்டபத்தின் பின்பக்கம் போனேன்.

பத்து தேக்சா, அதாவது பிரியாணி அண்டா, வரிசையாக இருந்தன. எல்லாமே தம்மில். மாவு பூசி அடைத்த மூடியின் மேல் கங்கு போட்டிருந்தார்கள். ஏழு தேக்சாவின் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. கோடியில் இருந்த மூன்றுக்குப் பக்கத்தில் பண்டாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர். எனக்கும் தொண்டையைப் பிறாண்டியது. ஒரு பெட்டித் தீக்குச்சியை ஒரே நேரத்தில் கொளுத்தினால் வருகிற காரம். அந்த மூடிகளின் ஓரத்தில், பகல் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி, நீலமாக ஒரு சின்ன ஜுவாலை ஓடியது.

எனக்கு அந்த நீலம் தெரியும். ஒரு தடவை கோபுரத்தின் அடியில் கொட்டிய கரியில் அதைப் பார்த்து எல்லோரும் வேலி தாண்டி ஓடியிருக்கிறோம்.

"என்ன கரிங்க இது?" என்றேன்.

"உங்க மச்சான் குடுத்தாங்க. பொடிக்கரியா இருக்கேன்னு பாத்தேன், ஆனா மூடி மேல நல்லா பரவலா நிக்குது. சாக்கைப் பிரிச்சப்ப முட்டை நாத்தம் அடிச்சுது. இப்ப ஒண்ணும் தெரியல, நின்னுடுச்சு" என்றார் பண்டாரி.

என் கால் தானாகத் திரும்பி ஓடப் பார்த்தது. இருபது வருஷப் பழக்கம். இது திறந்தவெளி, இது வேறு புகை, யாரும் சாகமாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிகிறது. கால் கேட்க மாட்டேன் என்கிறது. நாலு எட்டு ஓடிய பிறகுதான் நின்றேன். பண்டாரியையும் அவருடைய ஆட்களையும் காற்று வரும் பக்கமாக இழுத்து நிறுத்தினேன். "சார் என்ன இப்படிப் பயப்படுறாரு" என்று அவர்கள் சிரித்தார்கள்.

அப்புறம் மணல் வாளியைத் தூக்கிவந்து அந்த மூன்று மூடியின் மேலும் கொட்டினேன். புகை அடங்கியது. அடங்கின பிறகுதான் நிஜமான விஷயம் மண்டையில் இறங்கியது. என் வீட்டில் ஒரு வருஷம் சேர்ந்த கக்கூஸ் நாற்றத்தை, ஒரு துளி வீணாகாமல், என் மகள் கல்யாணப் பிரியாணியின் தலையில் கொளுத்தி வைத்திருக்கிறோம்.

மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினேன். பட்டு வேட்டியும் ஜவ்வாதுமாக வந்தார். சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, அந்த மூன்று தேக்சாவையும் தொழுகைக்கு நிற்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாடியில காயப் போட்டப்ப தானா சூடாச்சு மாப்ள. வெயில்னு நெனச்சேன்" என்றார்.

"அதான் ஈரமா வச்சிருந்தேன், மச்சான்."

"ரிப்பன் கட்டியிருந்துச்சே!"

அவர்தான் முதலில் தேறினார். கடைக்காரர் இல்லையா. "மாவு பூசி அடைச்சிருக்கு. புகை மேலதானே போச்சு? உள்ள என்ன போயிருக்கப் போவுது? கரியை வழிச்சிட்டு, மூடியைத் துடைச்சு எறக்கிடலாம்."

அவர் சொன்னது பாதி உண்மை. தம் கட்டிய தேக்சாவுக்குள் புகை அவ்வளவாகப் போகாது. ஆனால் ஒரு தேக்சாவில் மாவு வெடித்திருந்தது. மூடியைத் திறக்கும்போது மூன்றிலுமே சாம்பல் கொஞ்சமாவது விழும். அந்தச் சாம்பலில் செம்பு இருக்கிறது. ஒரு வாய்க்கு எவ்வளவு போகும், யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. எதைக் கணக்குப் போடத் தெரியவில்லையோ அதை வாயில் வைக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். வேண்டாம் என்றேன்.

"சோத்தைக் கொட்டுறது ஹராம் மாப்ள."

"விஷத்தைப் போடுறது?"

அவர் என் தோளில் கை போட்டு, குரலை இறக்கினார். "சரி, ஒண்ணு செய்யலாம். மாப்ள வூட்டுக்காரங்க, ஜமாத்துக்காரங்க எல்லாருக்கும் நல்ல ஏழுலேருந்து போடுவோம். இந்த மூணையும் கடைசிப் பந்திக்கு வச்சுக்கலாம். யாரு ஒக்காரப் போறா? பாத்திரம் தேய்க்கிறவங்க, வேன் டிரைவரு, மண்டபம் கூட்டுறவங்க. அவங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

மச்சான் கெட்டவர் இல்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அந்த நேரத்தில் அவர் மனதில் இருந்தது என் மகளின் மானம் மட்டும்தான். மூன்று தேக்சா பிரியாணி கெட்டது, அதுவும் கக்கூஸ் கரியால் கெட்டது என்று செய்தி அரியலூர் போய்ச் சேர்ந்தால், அவள் அங்கே ஆயுசுக்கும் அந்தப் பேரோடு வாழவேண்டும். எனக்கும் அந்தப் பயம்தான். ஒரு நிமிஷம், கணக்காக ஒரு நிமிஷம், சரி என்று சொல்ல என் வாய் திறந்தது.

ஆனால் எனக்குக் கடைசிப் பந்தி என்றால் என்னவென்று தெரியும். வளைகுடாவில் முகமூடிக்கு மாட்டுகிற ஃபில்டர் டப்பா புதிதாக வந்தால் முதலில் இன்ஜினியர்கள் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஒரு ஷிப்ட் போட்டுவிட்டுக் கழற்றியது மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு. அவர்கள் கழற்றியது கரி அள்ளுகிற எங்களுக்கு. டப்பாவின் மேல் மார்க்கரால் எழுதிய இரண்டு பேரை அடித்துவிட்டு மூன்றாவதாக என் பேரை எழுதுவேன். கோபுரத்துக்குள் இறங்குகிறவன் நான். மேலே நின்று பார்க்கிறவனுக்குப் புது டப்பா. எனக்கு என்ன தெரியப் போகிறது என்றுதான் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது. வேலை போய்விடும் என்று ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவர்கள் மேல் வருவதைவிட என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அந்த ஆத்திரம் முழுவதையும் பாவம், என் மச்சான் வாங்கிக்கொண்டார். "எனக்கு இருபது வருஷமா அடுத்தவன் போட்டுக் கழட்டின ஃபில்டரைத்தான் குடுத்தான், தெரியுமா? இவனுக்கு என்ன தெரியப் போவுதுன்னு! அதையே நான் என் பொண்ணு கல்யாணத்துல செய்யவா?" என்று கத்தினேன். அதுவரை என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மறுபடி மனசு மாறிவிடுமோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. இனி யாரும் வாயில் வைக்க முடியாதபடி, பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீரை அண்டாவிலிருந்து இரண்டு வாளியில் மொண்டு வந்தேன். முதல் மூடியைத் தள்ளினேன். யா அல்லாஹ், அந்த வாசனையை என்ன சொல்ல! புதினாவும் பட்டையும் ஆட்டுக்கறியும் சேர்ந்து, என் வாழ்நாளில் அப்படி ஒரு தம் பார்த்ததில்லை. நாற்றம் அடித்திருந்தால் கொட்டுவது சுலபமாக இருந்திருக்கும். அழுதுகொண்டேதான் ஊற்றினேன். இரண்டாவது தேக்சாவுக்குப் பண்டாரி என் கையைப் பிடித்தார். மூன்றாவதுக்கு அவரே வாளியை வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அரிசி இருக்கு, நெய் இருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க, நெய்ச்சோறு எறக்கிடுறேன். தால்ச்சா நெறய இருக்கு" என்றார். அந்த மனுஷனுக்கு அல்லா நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. ஏழு தேக்சாவும் மூன்று பந்திக்கு வந்தது. அதற்குள் செய்தி பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்துவிட்டது, வரும்போது வளர்ந்துகொண்டே வந்தது. முதல் பந்தியில், சிலிண்டர் வெடிக்கப் பார்த்ததாம், ஆபீசர் அணைத்தாராம். இரண்டாம் பந்தியில், பிரியாணியில் பாம்பு விழுந்ததாம். மூன்றாம் பந்தியில், நான் துபாயிலிருந்து கொண்டுவந்த விஷ மருந்து கொட்டிவிட்டதாம். கடைசிப் பந்தியில் நெய்ச்சோறும் தால்ச்சாவும் வந்தபோது, நானும் மனைவியும் மச்சானும் பாத்திரம் தேய்க்கிறவர்களோடு இலையில் உட்கார்ந்தோம். முதல் கவளம் வாயில் வைக்கும்போது எதிரே சம்பந்தி வந்து நின்றார்.

சம்பந்தி அளந்து பேசுகிறவர். "என்ன நடந்துச்சுங்க? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார். அவருக்குப் பின்னால் அரியலூர்க்காரர்கள் பத்துப் பேர்.

மனைவி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மச்சான், "ஒண்ணுமில்லீங்க, சின்ன..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். கக்கூஸ் குழாயிலிருந்து ஆரம்பித்து, நீல டிரம், செம்பு ஏறிய கரி, ரிப்பன், மொட்டை மாடி வெயில், மூன்று தேக்சா என்று ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியாக, நான் ஆபீசர் இல்லை, அங்கேயும் கரி அள்ளினேன், இங்கேயும் கரிதான் அள்ளுகிறேன் என்பதையும் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

சம்பந்தி என்னைப் பார்த்தார், நெய்ச்சோற்றைப் பார்த்தார், மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். என் மகள் வாழ்க்கை அந்தக் கூரையில் தொங்குகிற மாதிரி இருந்தது எனக்கு.

"அந்த டிரம்மு," என்றார் கடைசியில், "நெசமாவே நாத்தத்தைப் புடிச்சுதா?"

"ஒரு வருஷத்துக்கு மேல புடிச்சுதுங்க."

"எங்க வூட்லயும் அந்தக் குழா படுக்கை ரூம் ஜன்னலுக்கு நேரா நிக்குது. பதினஞ்சு வருஷமா எவனும் வழி சொல்லல. ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

முதலில் சிரித்தது என் மச்சான்தான். அப்புறம் பத்து அரியலூர்க்காரர்களும். ஒருத்தர் தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார். சம்பந்தி எனக்குப் பக்கத்தில் இலை போடச் சொல்லி, ஏற்கெனவே முதல் பந்தியில் சாப்பிட்டவர், இன்னொரு தடவை உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டார்.

சாயங்காலம் மகளை அனுப்புகிற நேரம். அழுகிறவர்கள் எல்லாம் அழுது முடித்து, கார் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் காரில் ஏறாமல் என்னைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள். கையில் மருதாணி காய்ந்து சிவந்திருந்தது.

"அத்தா, நீங்க கத்துனது மேல ரூம்ல எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "நெசமா?"

நான் அவள் கை மருதாணியைப் பார்த்தேன்.

"புது ஃபில்டரு ஒரு தடவகூடக் குடுக்கலையா?"

இருபது வருஷம் போனில் எல்லாக் கேள்விக்கும் பொய் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, வெயிலா, கம்பெனியில் நல்லா வச்சிருக்காங்களா என்று எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருக்கும். இந்தக் கேள்வியை மட்டும் அதுவரை யாரும் கேட்டதில்லை. அதனால் இதற்கு என்னிடம் பொய் இல்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவள் முக்காட்டை ஒதுக்கிவிட்டு என் நெஞ்சில் காதை வைத்தாள். எல்லோரும் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை.

"நல்லா மூச்சு விடுங்கத்தா" என்றாள். "இன்னொரு தடவ."

விட்டேன்.